நாலாவது தட்டு

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அன்று மதியம் வேன் அக்காவுக்குப் பதினொன்றாவதாகக் கணவன் மேல் இருந்த மரியாதையும் பறந்துவிட்டது.

பள்ளி வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. அதனால் பெற்ற மகளைத் தவிர தெருவில் எல்லோருக்கும் அவள் வேன் அக்காதான். விடுமுறையில் பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்தாள். குடும்பம் என்றால் பெயின்டர் வேலை செய்யும் கணவன், யூ.கே.ஜி. படிக்கும் வாண்டு, அவ்வளவே. காலையிலிருந்து நகரம் அவர்களை நன்றாகவே சுற்றிக் காட்டிவிட்டது. சாப்பிட உட்கார ஓர் இடத்தைத்தான் காட்டவில்லை.

முதல் ஓட்டலில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. இரண்டாவதில் முன்பக்கம் முழுக்கக் குடிக்கிறவர்கள். அவர்களைத் தாண்டிப் போனால் பின்னால் குடும்பத்தினருக்குத் தனி இடம் உண்டாம். மூன்றாவதில் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்த ஒருவன் வாண்டுவை மேலும் கீழும் பார்த்து, "சின்னப் பிள்ளைங்களை இங்கே அனுமதிக்கறதில்லை மேடம்" என்றான். நாயை அழைத்து வந்திருந்தால்கூட இவ்வளவு முகம் சுளித்திருக்க மாட்டான். அவனுக்கு அம்மா இல்லையா, அவன் வானத்திலிருந்து குதித்தானா என்று வேன் அக்கா தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

கணவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் நடந்தா ஒண்ணு வருது. நாலரை நட்சத்திரம் போட்டிருக்கான்."

"நட்சத்திரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே நடங்க. பிள்ளை மயக்கம் போட்டு விழட்டும்."

"ஏன் கத்தறே? நான் என்ன வேணும்னா நடக்க வைக்கறேன்?"

அந்த நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு ஒதுங்கிய சந்தில்தான் அந்த ஓட்டல் இருந்தது. பழைய கட்டடம், தாழ்ந்த வாசல். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. 'குழந்தைகளோடு வரலாம்.'

"இது போன்ல வரவே இல்லையே" என்ற கணவன், தொழில் பழக்கத்தில் பலகையைத் தொட்டுப் பார்த்தான். "எவன் எழுதினானோ, எழுத்தெல்லாம் கோணல்மாணல். பெயின்ட் இன்னும் காயக்கூட இல்லை."

"சாப்பாடு இருக்குதான்னு பாருங்க. எழுத்துக்கு மார்க் போட வேண்டாம்."

உள்ளே ஒருவரும் இல்லை. ஒல்லியான சர்வர் ஒருவர் மட்டும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாண்டுவைக் கண்டதும் அவர் கை நின்றது. வேண்டா வெறுப்பாகப் பின்பக்கம் ஒரு திரையை விலக்கிக் காட்டினார். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரே ஒரு பல்பு. சமையல் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, நாள்பட்டுத் தேங்கிய தண்ணீரின் வாடை.

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம்.

சர்வர் தட்டுகளை வைத்தார். பெரியவர்களுக்கு இரண்டு, வாண்டுவுக்குச் சிறியதாக ஒன்று. வாண்டுவுக்குப் பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் அதே போல் சிறியதாக இன்னொன்று.

"நாங்க மூணு பேர்தான்" என்றாள் வேன் அக்கா.

"இருக்கட்டும்மா. குழந்தையோட வந்தா இங்கே ஒண்ணு கூட வைக்கறது வழக்கம். அதுக்குக் காசு கிடையாது."

காசு கிடையாது என்றதும் அவளுக்குச் சந்தேகம் அதிகமானது. இந்த நகரத்தில் எவன் சும்மா தட்டு வைப்பான்? முறைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சோறும் குழம்பும் கொண்டுவந்து மூன்று தட்டிலும் பரிமாறினார்.

வாண்டு வாயைத் திறக்கவில்லை. பக்கத்துத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு யாரும் போடலை" என்றாள்.

"எவளுக்கு?"

"இவளுக்கு."

"கதை விடாதே. வாயைத் திற."

"அவளுக்கும் பசிக்குதும்மா."

"நீ குடுக்கற செல்லம்தான் எல்லாம்" என்றான் கணவன், வாய் நிறையச் சோற்றோடு.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வேன் அக்காவுக்கு மொத்தமாகப் பொங்கியது. நடந்த நடை, கண்ணாடிக் கதவுக்காரன், மழை, நாலரை நட்சத்திரம், எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பிஞ்சின் மேல் கொட்டினாள்.

"இப்ப சாப்பிடலேன்னா உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவோம்!"

வெளியே தண்ணீர்ச் சொம்பு விழுந்து உருண்டது.

சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

திரையை விலக்கிக்கொண்டு சர்வர் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா, அந்த வார்த்தையை மட்டும் இங்கே சொல்லாதீங்க" என்றார் மிக மெதுவாக.

"ஏன்? என் பிள்ளையை நான் என்ன வேணாலும் சொல்லுவேன்."

"இதே ரூம்லதான்மா. ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரு சின்னப் பொண்ணு சாப்பிட அடம் பிடிச்சுது. நீங்க சொன்ன இதே வார்த்தையைச் சொல்லிட்டு அப்பாவும் அம்மாவும் எழுந்து வாசல்ல போய் நின்னாங்க. சும்மா பயமுறுத்தத்தான். ஆனா அது வாசப்பக்கம் வரலை. அவங்களைத் தேடிப் பின்பக்கம் ஓடிடுச்சு. அங்கே தண்ணித் தொட்டி மூடி திறந்து கிடந்தது."

வேன் அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பெற்றவர்கள் இப்போது எதிரில் இருந்திருந்தால் இரண்டு பேர் கன்னத்திலும் அறைந்திருப்பாள். வேனை நிறுத்தியதும் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்க்காமல் அவள் இறங்கியதில்லை. தூங்கிப்போன ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. அப்படிப்பட்ட தன் வாயிலிருந்தா அந்த வார்த்தை வந்தது என்று நினைத்தபோது அந்தக் கோபம் அவள் மேலேயே திரும்பியது. அதைத் தாங்க முடியாமல் சர்வர் மேல் பாய்ந்தாள்.

"இவ்வளவு நடந்தும் கடையை நடத்தறீங்களா? இதுல 'குழந்தைகளோடு வரலாம்'னு போர்டு வேற! வெக்கமா இல்லை?"

"அது நாங்க எழுதினது இல்லைம்மா" என்றார் சர்வர். "எத்தனை தடவை மேல வெள்ளை அடிச்சாலும், மழை வந்தா மறுபடி தெரியுது."

கணவன் பெயின்ட் ஒட்டியிருந்த தன் விரலைப் பார்த்தான்.

பல்பு அணைந்தது.

கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. தேங்கிய தண்ணீரின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. எங்கோ ஈரக் கால்கள் தரையில் பதிந்து வரும் சத்தம்.

வேன் அக்காவின் கை அவளைக் கேட்காமலே தலைகளைத் தொட்டு எண்ணத் தொடங்கியது. தினமும் வேனில் செய்கிற வேலைதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் கணவனின் முரட்டு முடி.

இந்தப் பக்கம் வாண்டுவின் தலை, காலையில் அவளே குத்திவிட்ட கிளிப்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தலை.

அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

வேன் அக்கா துள்ளி எழுந்தாள். நாற்காலி சாய, மேசை இடிக்க, இருட்டில் துழாவி ஒரு சின்னக் கையைப் பிடித்தாள். ஐஸாகக் குளிர்ந்திருந்தது. பயத்தில் பிள்ளைக்குக் கை சில்லிட்டுப் போயிற்று என்று நினைத்து இறுக்கிப் பிடித்தாள்.

"வாடா கண்ணு. அம்மா சும்மா சொன்னேன். உன்னை எங்கேயும் விட்டுட்டுப் போக மாட்டேன். எங்கே போனாலும் கூட்டிட்டுத்தான் போவேன்."

அந்தச் சின்ன விரல்கள் அவள் விரல்களுக்கு நடுவே நுழைந்து பிடித்துக்கொண்டன.

இழுத்துக்கொண்டு ஓடினாள். திரை, மேசைகள், தாழ்ந்த வாசல். பின்னால் ஈரக் கால்கள் தத்தித் தத்தி வந்தன. மழையில் தெருவைக் கடந்து எதிர்க்கடைக் கூரைச் சரிவின் கீழே வந்துதான் நிமிர்ந்தாள்.

அங்கே கணவன் ஏற்கெனவே நின்றிருந்தான்.

அவன் தோளில் வாண்டு இருந்தாள்.

"நாற்காலி சாஞ்ச சத்தம் கேட்டதுமே இவளைத் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றான் மூச்சு வாங்கியபடி. "நீ என்ன இவ்வளவு நேரம்?"

வேன் அக்கா தன் வலது கையைப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. விரல்கள் மட்டும் எதையோ பிடித்த மாதிரியே வளைந்திருந்தன. உள்ளங்கையிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை. தேங்கிய தண்ணீரின் வாடை அடித்தது.

அதன் பிறகு நகரத்தில் எதையும் பார்க்காமல் ஊர் திரும்பினார்கள். அந்தக் கை மட்டும் காயவில்லை. துடைத்தாள், அடுப்பில் காட்டினாள், டாக்டரிடமும் காட்டினாள். சிலருக்குக் கை வியர்க்கும் என்று அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வியர்வையில் பாசி வாடை வருமா என்று கேட்டு அவரிடமும் சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

பள்ளி திறந்தது. வேன் ஓடத் தொடங்கியது. முதல் நாள் காலை ஒரு நிறுத்தத்தில், அழுத பையனிடம் அவன் அம்மா, "ஏறலேன்னா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள். வேன் அக்கா இறங்கிப் போய் அவளைப் பிடிபிடியென்று பிடித்தாள். சொல்லிவிட்ட வார்த்தையை அப்புறம் யார் வந்து அள்ளுவது என்று கத்தினாள். டிரைவர் அண்ணன்தான் வந்து சமாதானம் செய்து ஏற்றிவிட வேண்டியிருந்தது.

அன்று மாலை தலைகளைத் தொட்டு எண்ணினாள். ஒன்று கூட வந்தது. மறுபடி எண்ணினாள். அப்போதும் கூட வந்தது. கோபத்தில்தான் தப்பாக எண்ணுகிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒவ்வொரு நிறுத்தமாகப் பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசி நிறுத்தம் அவர்கள் தெருதான். வேனில் மிச்சம் இருந்தது வாண்டு மட்டும். அகலமான கடைசி இருக்கையில், மறுபாதியை யாருக்கோ விட்டுவிட்டு ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் இறங்கியாச்சா அக்கா? வண்டியை எடுக்கலாமா?" என்று டிரைவர் அண்ணன் கேட்டார்.

வேன் அக்கா வழக்கம்போல இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. கீழே இறங்கி நின்று மகளை இறக்கிவிட வலது கையை நீட்டினாள்.

வாண்டு படியில் நின்றுகொண்டு அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

"அந்தக் கை வேண்டாம்மா" என்றாள். "அதை அவ பிடிச்சிருக்கா. எனக்கு இன்னொரு கையைக் குடு."