செவ்வந்தி தொட்டால்

குழந்தை டாக்டரைப் பார்க்கக் குழந்தை இல்லாமல் வந்தவள், அன்றைக்கு அந்த வரிசையில் செவ்வந்தி ஒருத்திதான். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பழவேற்காடு வரை ஷேர் ஆட்டோவில் மடி காலியாக இருந்தது அவளைப் பாடாய்ப் படுத்தியது.

டாக்டர் ஆபிரகாம் குழந்தைகளின் மூளை, நரம்புக் கோளாறுகளைப் பார்ப்பவர். நோயை அவர் விசாரிப்பது போலீஸ் விசாரணை மாதிரி நிதானமாக இருக்கும். அவருக்கு முன்னால் தானே ஒருநாள் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும் என்று நர்ஸ் ஜெஸ்ஸிக்குக் கொள்ளை ஆசை.

செவ்வந்தி நடந்ததைச் சொன்னாள். கைக்குழந்தை பூவரசன், அவள் குளிப்பாட்டினால் கட்டையாக விறைத்து, மூச்சு நின்று நீலம் பாரித்துவிடுகிறான். நாத்தனார் ருக்கு குளிப்பாட்டினால் ஒன்றுமில்லை. தாய் கை பிள்ளைக்கு ஆகவில்லை என்று குப்பமே பேச, புருஷன் மோகன்குமார் பிள்ளையை அடுத்த வீட்டில் இருக்கும் தன் அக்கா ருக்குவிடம் விட்டுவிட்டான். இவள் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்பிவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“அவன் வாசனகூட என் பொடவைல இல்ல டாக்டர். நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க.”

குளிப்பாட்டும்போது தேய்க்கிற எண்ணெய்தான் காரணம் என்றாள் ஜெஸ்ஸி. டாக்டர் பிள்ளையோடு வீட்டார் எல்லாரையும் வரச் சொன்னார்.

மாலையில் ருக்கு பிள்ளையோடு வந்தாள், பின்னாலேயே மோகன்குமார். செவ்வந்தி கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு மூலையில் நின்றாள். ருக்குவின் விரல்களில் பிளாஸ்டர். வலையில் சிக்கிய நண்டை எடுக்கும்போது பட்ட கீறல்கள். இரண்டு வீட்டிலும் ஒரே எண்ணெய் என்று தெரிந்ததும் ஜெஸ்ஸிக்கு முகம் தொங்கிப்போனது. அந்த ஏமாற்றத்தில் கையிலிருந்த தட்டையும் கீழே போட்டாள். தூங்கிக்கொண்டிருந்த பூவரசனுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. தன் வீட்டில் ஐஸ் பெட்டி மூடி விழுந்தாலும் இப்படித்தான், பயந்த பிள்ளை என்றாள் ருக்கு.

டாக்டர் ஒரு துண்டைப் பிள்ளைபோலச் சுருட்டிக் கொடுத்து, குளிப்பாட்டுவதைச் செய்துகாட்டச் சொன்னார். ருக்கு கழுத்தோடு நிறுத்திக்கொண்டாள். பிளாஸ்டர் விரல் பிள்ளையின் முகத்தைக் கீறிவிடுமாம். செவ்வந்தி துண்டை வாங்கினாள். அவள் விரல்கள் தாமாகவே, பிள்ளைக்கு மூக்கு எடுப்பாக வரட்டும் என்று அங்கே எல்லாத் தாயும் செய்வதுபோல, இல்லாத மூக்கை நீவின.

“போதும்மா,” என்றார் டாக்டர்.

ஆக்சிஜனைத் தயாராக வைத்துக்கொண்டு, பூவரசனின் மூக்கு நுனியை மெல்லத் தட்டினார். பிள்ளை விறைத்தான். உடனே தலையையும் கால்களையும் நெஞ்சுப் பக்கமாக மடக்கிப் பிடித்தார். மூச்சு திரும்பியது.

“பால் அம்மாவோடது, அதைக் குடிச்சா ஒண்ணும் ஆகலை. எண்ணெயும் ஒண்ணு. மிச்சம் இருந்தது மூக்கு மட்டும்தான், அம்மா நீவுறாங்க, அத்தை தொடுறதில்லை. ஆனா அம்மா விரல் குற்றவாளி இல்லை. மூளையில ‘அடங்கு’ன்னு ஒரு சேதி வரும். அதை வாங்கிக்கிற ஏற்பிகளை, மூளை வளரும்போது சில புரதங்கள் சேதி வர்ற இடத்துலேயே பிடிச்சு நிறுத்தணும். இவனுக்கு அந்தப் பிடி தளர்ந்திருக்குன்னு நினைக்கிறேன். அதான் சத்தம் கேட்டாலும், மூக்குல விரல் பட்டாலும் திடுக்கிட்ட உடம்பு அடங்க மாட்டேங்குது.”

“நங்கூரம் புடிக்காத போட்டு மாதிரி,” என்றான் மோகன்குமார்.

“அதேதான். ரத்தப் பரிசோதனையில உறுதியாத் தெரியும். மருந்து இருக்கு, வளர வளர பல பிள்ளைகளுக்குக் குறையும். இது கருவுலேயே வந்தது, யார் கை பட்டும் வரலை. இனிமே விறைச்சா இப்படி மடக்கிக் கட்டிப் பிடிக்கணும். யார் கத்துக்கறீங்க?”

மோகன்குமார் அக்காவிடமிருந்து பிள்ளையை வாங்கி, மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நீட்டினான்.

செவ்வந்தியின் கைகள் முந்தானையிலிருந்து வெளியே வந்தன. பிள்ளையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில் ஒரு விரல் மூக்கருகே போய், திரும்பி அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டது. பூவரசன் முகத்தைத் திருப்பி, அவள் புடவையில் பால் தேடினான்.