வானைத் திறந்தால்

சிட்னியின் நார்த்மீட்டில் ஒரு பல் வைத்தியரின் மாடியில் இலங்கைக்காரர் மகேந்திரராஜாவின் துப்பறியும் அலுவலகம். அங்கே வந்து உட்கார்ந்தாள் பார்கவி. அணை நீரை யாருக்கு எவ்வளவு விடுவது என்று முடிவு செய்யும் பொறியாளர் அவள், சென்னைக்காரி. முன்தினம் மாலை கைபேசிக்கு வந்த குரல்பதிவை ஓடவிட்டாள். எண் மறைக்கப்பட்டிருந்தது. தாழ்ந்த ஆண்குரல், பின்னால் ஏதோ மோட்டார் இரைந்தது.

“தங்கச்சி, நாளைக்கு வானைத் திறந்தால் குஞ்சுகள் ஒண்டும் மிஞ்சாது. தயவு செய்து திறக்க விடாதேங்கோ.”

“என் பொண்ணு ஸ்கூல் வேன்லதான் போறா சார். இலங்கை ஃப்ரெண்ட்ஸ் வேனை வான்னுதான் சொல்வாங்க, குழந்தையைக் குஞ்சுன்னு கொஞ்சுவாங்க. போலீஸ் வேனைச் சோதிச்சாங்க, ஒண்ணுமில்ல. பயத்துல நான் இன்னிக்கு ஆபீஸே போகல. அவளை வீட்டுக்காரரோட உள்ளே வெச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்.”

“பாம்ப்தான் அங்கிள்!” என்று துள்ளினாள் உதவியாளர் தேஜஸ்வினி. சிட்னியில் வளர்ந்தவள், எதற்கும் முதலில் குண்டுதான் வெடிக்கும் அவளுக்கு. “தண்ணி கிடைக்காத பண்ணைக்காரர் ஆரோதான்.”

மகேந்திரராஜா பதிவை மறுபடி கேட்டார். “பிள்ளை, எத்தனை பிள்ளையள் உங்களுக்கு?”

“ஒரே பொண்ணு.”

“இன்றைக்கு அணையில என்ன நடக்குது?”

“மத்தியானம் பெரிய கதவைத் திறக்கணும். தண்ணி உரிமை உள்ள பண்ணைங்களுக்கு அவங்க பங்கு. அவங்க கேட்டபடியே நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“கேட்டதைக் குடுத்த ஆளை ஆர் மிரட்டுவினம்?” என்றார் அவர். “உங்களுக்கு ஒரு பிள்ளை, இவர் குஞ்சுகள் எண்டுறார். மிரட்டுறவன் தங்கச்சி எண்டு கூப்பிட்டுத் தயவு செய்து எண்டு கெஞ்சமாட்டான். எங்கட ஊரில குளம் நிரம்பி வழியிற இடமும் வான்தான். அதில கதவிருந்தால் வான் கதவு. அணைக்குக் கீழ என்ன குஞ்சுகள்?”

பார்கவியின் முகம் வெளுத்தது. “பெர்ச் மீன் குஞ்சுங்க. அழிஞ்சிட்டு வர்ற இனம், பெரிய கதவைத் திறந்தா வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடும். ஆனா இந்த வருஷம் முட்டையே இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சே!”

“இவர் கண்ணால கண்டிருக்கிறார். பின்னால இரையிறது பண்ணைக்கு ஆற்றுத் தண்ணி இறைக்கிற பம்ப். பண்ணையில வேலை செய்யிற எங்கட ஆள் ஆரும் இருக்கினமோ?”

“சச்சிதானந்தன்! ஒரு மீட்டிங்ல என் நம்பர் வாங்கினார்.”

“முதலாளிக்குத் தெரிஞ்சால் வேலை போயிடும். அதுதான் நம்பரை மறைச்சுத் தமிழில சொல்லியிருக்கிறார்.”

மகளுக்கு ஆபத்தில்லை. பார்கவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு திடுக்கிட்டுக் கைபேசியை எடுத்தாள். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

அணை அலுவலகத்தில் போனை எடுத்தவன் உற்சாகமாகப் பேசினான். பண்ணைக்காரர்கள் அவசரப்படுத்தினார்களாம். அவள் வரவில்லை, தடுக்கவும் யாருமில்லை, கையெழுத்துத்தான் இருக்கிறதே என்று காலையிலேயே கதவைத் திறந்துவிட்டார்களாம்.

“மூடுங்க! உடனே மூடுங்க!” என்று தமிழிலேயே கத்தினாள். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னாள்.

தேஜஸ்வினி கார்ச் சாவியை எடுத்தாள். “வாங்கோ அன்ரி, போய்ப் பார்ப்பம்.”

பார்கவி எழுந்திருக்கவில்லை. “நான் ஆபீஸ் போயிருந்தா திறந்திருக்க மாட்டாங்க, இல்ல சார்?”