கொழுக்கக் கூடாத எலிகள்

சாலை மறியல் ஓய்ந்து, வெட்டிப் போட்ட மரங்களைக் கள்ளக்குறிச்சிச் சாலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த காலையில், துப்பறிவாளர் தெய்வசிகாமணியின் வீட்டுக்கு டாக்டர் மணிமொழி வந்தார்.

"புற்றுநோய்க்குப் புது மருந்துன்னு எங்க ஆய்வுக்கூடத்து அறிவுச்செல்வன் எலிங்களுக்குப் போட்டுப் பார்க்கறாருங்க. மறியலுக்கு முன்னாடி நானே பார்த்தேன், இளைச்சு, முடி சிலிர்த்து, கூனிக் கிடந்துச்சுங்க. இப்போ கொழுகொழுன்னு ஓடுதுங்க! இன்னைக்கு என் வார்டுல இருக்கிற செவ்வந்திக்கு அதே மருந்தை ஏத்தணுமாம். கையெழுத்து நான் போடணும். பயமா இருக்குங்க."

பயப்படாமல் என்ன செய்வார்? வெள்ளிமலையிலிருந்து அந்த ஒரே நம்பிக்கையில் இறங்கி வந்திருந்தாள் செவ்வந்தி.

"இன்னா மாமா யோசிக்கிற? எலியை மாத்திட்டானுங்க!" என்றான் மைத்துனன் பாவாடை, வாய் நிறைய வெற்றிலையோடு. யார்மீதாவது சந்தேகப்படாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"அவசரப்படாத மச்சான். பார்த்துட்டுப் பேசுவோம்."

ஆய்வுக்கூடத்தில் மூவரையும் அறிவுச்செல்வன் தேவைக்கு மேலேயே உபசரித்தார். "மறியல்ல ஒரு ஆள்கூட வேலைக்கு வரலைங்க. நான் ஒருத்தனே இதுங்களைப் பார்த்துக்கினு கிடந்தேன்."

ஒரு கூண்டில் மருந்து போட்ட எலிகள். இன்னொன்றில் மருந்தே போடாதவை. அடையாளத்துக்கு ஒன்றின் தலையில், ஒன்றின் முதுகில், ஒன்றின் வாலில் என்று மஞ்சள் சாயம்.

"சாயம் எங்கிருந்து வருதுங்க?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"சென்னையிலிருந்து. பிக்ரிக் சாயம். லேசுல போகாது."

அலமாரியில் அந்தச் சாயக் குப்பி அடிவரை காய்ந்து கிடந்தது. தெய்வசிகாமணி இரண்டு கூண்டிலிருந்தும் சாயம் பட்ட முடியைக் கொஞ்சம் கத்தரித்துத் தாளில் வைத்தார்.

"மச்சான், சுண்ணாம்பு குடு."

மருந்து போடாத எலியின் முடி சுண்ணாம்பு பட்டும் மஞ்சளாகவே இருந்தது. மற்றது சிவந்தது.

"அடேங்கப்பா, ஆரத்தி!" என்று கத்தினான் பாவாடை.

"ஆமா, சமையல் மஞ்சள். மருந்து போட்ட எலிங்க செத்துப்போச்சு. நல்ல எலிங்களைக் கூண்டுல விட்டீங்க. அடையாளம் வைக்கச் சாயம் இல்லை, பஸ்ஸும் ஓடலை. மஞ்சளைக் கரைச்சீங்க. அப்போ இங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான்னு நீங்களே சொன்னீங்க."

"மருந்தோட அளவைக் குறைச்சா சரியாயிடும்னு..." என்று இழுத்தார் அறிவுச்செல்வன்.

"அதுக்குள்ள அவ போய்ச் சேர்ந்திருப்பாளே, பாவி!" என்று மணிமொழி கத்தியே விட்டார்.

வார்டில் செவ்வந்தியிடம் மணிமொழி எல்லாவற்றையும் பக்குவமாகச் சொன்னார். அவள் முழுவதும் கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லா இருங்க டாக்டரம்மா. அப்போ எனக்கு வேற மருந்து இன்னா இருக்கு?"

மணிமொழி கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பாவாடை ஏதோ சொல்ல வாயெடுத்தான். தெய்வசிகாமணி அவனை வெளியே அழைத்துப் போனார்.