ஒப்புதல் பெற்ற எருமை

செவ்வாயின் மூன்றாம் குமிழ்நகரில் மாதத்துக்கு ஒருமுறை வானத்தை மாற்றுவார்கள். நாற்பதாயிரம் பேருக்கும் தலைக்கு மேல் இருப்பது கண்ணாடிக் கூரை. அதன் உட்புறம் முழுக்க ஒளித்திரை. மாதக் கடைசியில் பழைய வானம் சலித்துப்போய், அடுத்ததிலாவது கொஞ்சம் மேகம் இருக்குமா என்று கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வானங்களை வரைபவர்களுக்கு வானமைப்பாளர்கள் என்று பெயர். அவர்களில் கைதேர்ந்தவள் அங்கயற்கண்ணி. குடியேற்ற நாளுக்காக ஐந்து மாதம் சோறு தண்ணீர் மறந்து ஒரு விடியலை வரைந்திருந்தாள். பூமியையே பார்த்திராத ஜனங்கள் அதைப் பார்த்துக் கண் கலங்க வேண்டும்; அதற்கு அந்த விடியலில் ஒரு கீற்றைக்கூட யாரும் தொடக் கூடாது. அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அவ்வளவுதான்.

அதற்கென்றே அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. வானங்களுக்கு ஒப்புதல் தரும் இயக்குநர் பொன்னையாவுக்கு எதையாவது திருத்தாவிட்டால் சாப்பாடு இறங்காது. அதனால் எந்த வானத்தை அனுப்பினாலும் நட்டநடுவில் ஓர் எருமையைப் பறக்கவிட்டுத்தான் அனுப்புவாள். அவர் நெற்றியைச் சுருக்குவார், எருமையை எடுக்கச் சொல்லுவார், ஒரு நகரத்தையே காப்பாற்றிவிட்ட திருப்தியோடு கையெழுத்துப் போடுவார். மீதி வானம் தப்பித்துக்கொள்ளும்.

இந்த முறை பொன்னையா ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் நாற்காலியில் நயனன் என்கிற இயந்திரன் உட்கார்ந்திருந்தது. பழக்கதோஷத்தில் அங்கயற்கண்ணி எருமையோடுதான் அனுப்பினாள். அரை நொடியில் ஒப்புதல் வந்துவிட்டது.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். எருமையை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"நீங்க கலைஞர். உங்க எருமைமேல கை வைக்க நான் யாருங்க?" என்றது நயனன், பணிவாக.

அது சும்மா ஒரு தந்திரம் என்று உண்மையை ஒப்புக்கொண்டும் பிரயோசனமில்லை. ஒப்புதலான வானத்தை ஒருவரும் தொடக் கூடாது என்பது வானமைப்பாளர் சங்கம் போராடி வாங்கிய விதி. அதிகாரிகள் மிரட்டிக் கேட்கவைக்கலாம் என்பதால், வரைந்தவரே வந்து கேட்டாலும் மாற்றக் கூடாதாம். சங்கத்தின் மனுவை நயனன் அவள் முன் விரித்துக் காட்டியது. முதல் கையெழுத்து அவளுடையது.

குடியேற்ற நாள் காலையில் ஊரே அண்ணாந்து நின்றது. கீழ்க்கோடியில் இளஞ்சிவப்பு மெல்லக் கசிந்து பரவியது. அதன் நடுவே, வாலை ஆட்டிக்கொண்டு, எருமை மிதந்து வந்தது. அங்கயற்கண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். கைதட்டல் கேட்டுத்தான் விரல்களை விலக்கிப் பார்த்தாள். ஜனங்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் அழவே செய்தார்கள்.

"அந்த எருமையில தெரியுதுப்பா, அவ யாருன்னு!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

விடியலைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் எருமையின் புகழில் ஆறே வாரத்தில் நயனனுக்குப் பதிலாக அவளையே இயக்குநராக்கிவிட்டார்கள். தான் இருக்கும்வரை எந்தக் கலைஞரின் வேலையிலும் தலையிட மாட்டேன் என்று பதவியேற்பில் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள்.

முதலில் வந்தது, பத்து வருடமாக அவளோடு வேலை பார்த்த ஜெபமணியின் வானம். மழைக்கால அந்தி. பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நட்டநடுவில் மூன்று காலோடு ஒரு கொக்கு நின்றது. தன் தந்திரம் தன்னிடமே வந்திருப்பது புரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒப்புதல் பொத்தான்மேல் விரலை வைத்தாள். வைத்தபடியே இன்னொரு தடவை பார்த்தாள். அந்த ஊதா இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாமோ? மழை கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்தால்?

ஜெபமணியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"கொக்கு பிரமாதம், ஜெபமணி. அதுல மட்டும் கையே வைக்காதீங்க," என்றாள். "மிச்சத்தைக் கொஞ்சம் மாத்திடலாம்."