மூன்று வயது குறைந்த தம்பி

அரங்கத்தின் வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்ததும் வாயாடிக்கே வாயடைத்துப் போயிற்று.

வாயாடி என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். வயது பதினொன்று. கேள்வி கேட்க ஆரம்பித்தால் லேசில் விடமாட்டாள்.

சுவரொட்டியில் அவளுடைய தம்பி வயலினோடு நின்றான். பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'ஐந்தே வயதான இசை மேதை!' அதற்குக் கீழே, 'வாசிப்புக்குப் பின் விவாதம்: குழந்தைகளை மேடை ஏற்றலாமா?'

போன மாதம்தான் தம்பிக்கு எட்டு வயது ஆனது. கேக்கில் எட்டு மெழுகுவத்திகளையும் குத்தி வைத்தவள் இவள்தான். மூன்று வயது எங்கே போயிற்று?

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஓடினாள். தையல்காரரான அப்பா மண்டியிட்டு, தம்பியின் சுருக்கு வைத்த காலரில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! தம்பிக்கு அஞ்சு வயசுன்னு தப்பா அச்சடிச்சிருக்காங்க!"

அப்பா நிமிரவில்லை. "மெல்லப் பேசும்மா. தப்பா அச்சடிக்கல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நிகழ்ச்சி மேலாளர் சொன்னாரு. எட்டு வயசுல வாசிக்கிற பிள்ளைங்க நிறைய இருக்காங்களாம். அஞ்சுன்னு போட்டாத்தான் கூட்டம் வருமாம். ஒரு நாள்தானே?"

நூலைக் கடித்து அறுத்துவிட்டு வெளியே போனார். போகும்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு நாள் இல்லக்கா," என்றான் தம்பி. "அடுத்த வருஷமும் நான் அஞ்சேதானாம்."

"என்னது! அப்போ நான் பள்ளிக்கூடமே முடிச்சாலும் நீ ஒண்ணாம் வகுப்பா?"

மற்ற நாளாக இருந்தால் தம்பி விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்று சிரிக்கவில்லை.

"அக்கா, அஞ்சு வயசுல நான் என்ன பண்ணேன்?"

"பூனைக்குப் பல் தேச்சு விட்ட. அது மூணு நாள் வீட்டுப் பக்கமே வரல."

"வயலின் வாசிச்சேனா?"

"வயலின் பெட்டிக்குள்ள என் செருப்பை வெச்சுப் பூட்டின."

"அப்போ இன்னிக்குக் கை தட்டுவாங்களே, அது எனக்கா? இல்ல, அந்த அஞ்சு வயசுப் பையனுக்கா?"

வாயாடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடையில வயசு கேட்டா என்ன சொல்லப் போற?"

"அஞ்சுன்னு பத்துத் தடவை சொல்ல வெச்சாரு மேலாளர். ஒவ்வொரு தடவையும் எட்டுன்னுதான் வாயில வருது."

"அப்போ உள்ளதைச் சொல்லிடு. அப்பா கோபப்பட்டா என்னைக் கைகாட்டு. திட்டெல்லாம் எனக்கு."

மணி அடித்தது. தம்பி மேடை ஏறி மூன்று பாட்டு வாசித்தான். கைதட்டலில் அரங்கமே அதிர்ந்தது. பிறகு நாற்காலிகள் வந்தன. ஒருபுறம் பத்திரிகையின் இசை விமர்சகர், மறுபுறம் குழந்தை மருத்துவர்.

"அஞ்சு வயசுல இப்படி வாசிப்பா! முப்பது வருஷமா எழுதறேன், நான் கேட்டதே இல்ல!" என்றார் விமர்சகர்.

"அஞ்சு வயசுப் பிஞ்சு விரலை இப்படி வாட்டலாமா? அநியாயம்!" என்றார் மருத்துவர்.

குரல்கள் ஏறிக்கொண்டே போயின. நடுவில் நின்ற தம்பி, பந்து விளையாட்டைப் பார்ப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினான். மேலாளர் சிரித்தபடி ஒலிவாங்கியை அவனிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு ராஜா. உனக்கு என்ன வயசு?"

தம்பி மேடையோரம் பார்த்தான். வாயாடி தலையாட்டினாள்.

"எட்டு."

மருத்துவரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. மேலாளர் சிரித்த வாயை மூட மறந்தார்.

"ஏமாத்திட்டாங்க!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். தம்பி வயலினை மார்போடு அணைத்துக்கொண்டான்.

வாயாடி மேடைக்கு ஓடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் உண்மையைச் சொல்லச் சொன்னேன். என்னைத் திட்டுங்க!"

மறுபக்கத்திலிருந்து, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு அப்பா வந்தார். "பிள்ளைங்க மேல தப்பில்லைங்க. பொய் சொன்னது பெரியவங்க நாங்க."

சலசலப்பு அடங்கவில்லை. தம்பி ஒலிவாங்கியை இழுத்தான்.

"ரெண்டாவது பாட்டுல நாலு இடத்துல தப்பா வாசிச்சேன். யாருமே சொல்லல. திரும்ப வாசிக்கட்டுமா?"

விமர்சகர் திடுக்கிட்டு எழுந்தே விட்டார். "நாலு இடமா?" குறிப்பேட்டைப் புரட்டினார். பக்கம் முழுக்க 'ஐந்து வயது! ஐந்து வயது!' என்றுதான் இருந்தது. "நான் ஒண்ணைக்கூடக் கவனிக்கலையே!"

"விரல் வலிக்குதாப்பா?" என்று கேட்டார் மருத்துவர்.

"விரல் வலிக்கல டாக்டர். இந்தக் காலர்தான் குத்துது."

அப்பா சட்டென்று காலரைப் பிரித்து எடுத்தார். சிலர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தார்கள். தம்பி வயலின் வில்லை எடுத்தான்.

இரண்டு நாள் கழித்து விமர்சகரின் கட்டுரையோடு பத்திரிகை வந்தது. வாயாடிதான் முதலில் படித்தாள். படித்ததும் பதறிப்போனாள்.

"என்னடா இது! 'நடுப்பகுதியில் வேகம் கூடிவிட்டது, மூன்றாவது விரல் இன்னும் பழக வேண்டும்'னு எழுதிட்டாரே!"

தம்பி பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அந்த மூணாவது விரலைக் கண்டுபிடிச்சிட்டாரு பாருக்கா!" என்று குதித்துவிட்டு வயலினை எடுக்க ஓடினான்.