பழுப்புத் தோல் துண்டுகள்

முள் மறுபடியும் கீழே இறங்கிவிட்டது.

பிளம்பர் முனீர் அகமது தலையில் கை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். "யா அல்லாஹ்! காலையில சரியாத்தானே நின்னுச்சு?"

அவர் பார்த்துக்கொண்டிருந்தது காற்றழுத்தம் காட்டும் ஒரு வட்டமான கேஜ். நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் நுனியில் அதைப் பொருத்தியிருந்தார். அந்தக் குழாய், கம்பி வலைமேல் ஜிலேபி பிழிந்ததுபோல வளைந்து வளைந்து வீட்டின் தரை முழுவதும் ஓடியது.

"முள் இறங்கினா இன்னா அர்த்தம்பா?" என்று கேட்டாள் அவர் மகள் ஹீனா.

"குழாய்க்குள்ள காத்து அடைச்சு வெச்சிருக்கேன். முள் இறங்குதுன்னா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம்."

ஹீனாவுக்குப் பத்து வயது. பள்ளிக்கு விடுமுறை. அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால், அப்பாவோடு ஏலகிரி மலைக்கு வந்திருந்தாள். ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவர் அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார். மலைக்குளிரில் அவர் மனைவிக்கு முட்டி வலிக்குமாம். அதனால், தரைக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓடவிடும் ஏற்பாடு. வெறுங்காலோடு நடந்தாலும் தரை இதமாக இருக்கும்.

"ஆம்பூர்ல தரை சும்மாவே சுடுதே! ஒரு லாரி வெயிலை அங்கேர்ந்து ஏத்திட்டு வந்தா போதாதா?" என்று கம்பி கட்டும் நவநீதன் காலையில் எல்லாரையும் சிரிக்க வைத்தார். இப்போது அவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கை கால் ஓய்ந்து போயிருந்தது.

நாளைக் காலையில் கான்கிரீட் லாரி மலையேறி வந்துவிடும். கான்கிரீட்டைக் கொட்டிவிட்டால், தரையை உடைக்காமல் குழாயைத் தொட முடியாது. இன்றைக்குள் ஓட்டை கிடைக்காவிட்டால், குழாய் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு பெங்களூர் ஆட்களைக் கூப்பிடப் போவதாக வீட்டுக்காரர் போனில் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு இந்த மாதிரி வேலை இதுதான் முதல். ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

மேஸ்திரி பிரேம்நாத் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "யாரு பண்ணது? ஒழுங்கா சொல்லிடுங்க."

"நான் இல்ல மேஸ்திரி. கம்பி கட்டினதுமே தரையை விட்டு இறங்கிட்டேன்" என்றார் நவநீதன்.

ஜல்லி சுமக்கும் ஜெயம்மாள் தலை குனிந்துகொண்டார்.

"அப்போ குழாய் தானா ஓட்டை போட்டுக்கிச்சா? யாருன்னு கேக்கறேன்ல?"

எல்லாரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"சோப்புத் தண்ணி தடவினா ஓட்டையில நுரை வரும் மேஸ்திரி. ஆனா இம்மாம் நீளத்துக்கும் தடவி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றார் அப்பா. இறங்கிய முள்ளை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

ஹீனாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "மேஸ்திரி மாமா, யாருன்னு கேக்காதீங்க. எங்கேன்னு கேளுங்க" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே பாப்பா?"

"இல்ல மாமா. யாருன்னு கேட்டா எல்லாரும் பயப்படறாங்க. நமக்கு வேண்டியது ஓட்டைதானே?"

அவள் தன் பையைத் திறந்தாள். பொம்மைக்குச் செருப்பு தைக்க அம்மா கொடுத்திருந்த தோல் துண்டுகள் அதில் இருந்தன. சிவப்பையும் கறுப்பையும் ஒதுக்கிவிட்டு, பழுப்புத் துண்டுகளை மட்டும் எல்லாருக்கும் பங்கிட்டாள்.

"சிவப்பு அழகா கீதே, பாப்பா?" என்றார் ஜெயம்மாள் மெதுவாக.

"எல்லாம் ஒரே நிறமா இருக்கணும்கா. அப்பத்தான் யாரோடதுன்னு தெரியாது. ஒவ்வொருத்தரா உள்ள போங்க. எங்கேயாவது எதையாவது போட்டிருந்தா, அழுத்தி மிதிச்சிருந்தா, அங்க ஒரு துண்டை வெச்சிட்டு வந்துடுங்க. மத்தவங்க அந்தப் பக்கம் திரும்பி டீ குடிக்கலாம். யாரும் எட்டிப் பாக்கக் கூடாது."

"நல்ல கூத்து!" என்று முணுமுணுத்தார் பிரேம்நாத். ஆனால் மறுத்துப் பேச அவருக்கும் தெம்பு இல்லை. டீ சூடாக இருந்தது. மலைச்சரிவில் மெல்லப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். ஒருவர் வரவே நேரமாயிற்று. ஹீனா பனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் எல்லாரும் போய்ப் பார்த்தபோது தரையில் அங்கங்கே பழுப்புத் துண்டுகள்!

"நம்ம நாலு பேருக்கு இத்தனையா?" என்று வாயைப் பிளந்தார் பிரேம்நாத்.

அப்பா தொண்டையைச் செருமினார். "ஜன்னலோரம் இருக்கறது என்னோடது. ஸ்பேனர் கை நழுவிடுச்சு."

"ரெண்டு என்னுது" என்று பல்லைக் காட்டினார் நவநீதன். "அப்பவே இறங்கினேன்னு சொன்னேனே, அது சும்மா."

பிரேம்நாத் மீசையைத் தடவினார். "வாசல்கிட்ட... தள்ளுவண்டியைக் குழாய் மேலயே ஏத்தினது நான்தான்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மீதி யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

ஹீனா சோப்புத் தண்ணீரைக் கலக்கிக் கொடுத்தாள். அப்பா ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் தடவினார். ஜன்னலோரம் ஒன்றுமில்லை. வாசலிலும் ஒன்றுமில்லை. மூலைத் தூணுக்கு அருகே தடவியதும், நுரை பொங்கிக் குமிழ் குமிழாக எழும்பியது.

"கிடைச்சிடுச்சு!"

"அட, இங்க யாரு..." என்று தொடங்கிய பிரேம்நாத் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சரி சரி, எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு. போதும்."

அப்பா அந்த இடத்தை வெட்டி, புது இணைப்புப் போட்டு, மறுபடியும் காற்றை அடைத்தார். களைத்துப்போன ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து, அசையாத முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் எதையும் பார்த்ததில்லை.

மறுநாள் லாரி வந்தது. ஜெயம்மாள் கற்பூரம் ஏற்றினார். அப்பா "பிஸ்மில்லாஹ்" என்றார். சாம்பல்நிறக் கான்கிரீட் வழிந்து குழாயை மூடியது. முள் கொஞ்சமும் அசையவில்லை.

மதியம் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பையைத் திறந்தாள் ஹீனா. தோல் துண்டுகளின் மேல் ஒரு பெரிய கொய்யாப்பழம் இருந்தது.

யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. ஒரு கடி கடித்தாள். உள்ளே நல்ல சிவப்பு.