வாலாட்டும் சத்தம்

எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில் பரவைப் பக்கம் வெறிநாய்த் தொல்லை தலைதூக்கியது. தண்டோரா போட்டு, கழுத்தில் பஞ்சாயத்து வில்லை இல்லாத நாய்களையெல்லாம் வண்டியில் அள்ளினார்கள். அந்த வாரம் பார்த்துத்தானா முத்திருளன் வீட்டு நாய் செவலை, அவன் பெண்டாட்டி பாண்டியம்மாளைக் கன்னத்தில் கடிக்க வேண்டும்!

ஊரே கம்போடு வந்துவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சுப்பராமன்தான் தடுத்தார்.

"அடிக்காதீங்கப்பா. பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்ப்போம். உயிரோட இருந்தா வெறி இல்லை. ஆனா ஊசியை இன்னைக்கே ஆரம்பிச்சுடணும்."

தொப்புளைச் சுற்றி ஊசி என்றதும் பாண்டியம்மாள் வேண்டவே வேண்டாம் என்றாள். "செவலை பிழைச்சா நானும் பிழைச்சேன்" என்று அடம்பிடித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டடியில் செவலையைக் கட்டிப்போட்டார்கள். மில்லில் ஷிப்ட் முடிந்து முத்திருளன் போய்ச் சேரும்போது எல்லோரும் கிளம்பியிருப்பார்கள். கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருட்டும் பினாயில் வாடையும்தான்.

"செவலை..."

சங்கிலி இழுபடும். தரையில் வால் அடிக்கும்.

தொப். தொப். தொப்.

டீக்கடையில் வாங்கிய பொறை ரொட்டியை உள்ளே போடுவான். மொறுமொறுவென்று கடிக்கிற சத்தம் கேட்கும். அப்பாடா என்று வீட்டுக்கு வந்து, "நல்லா இருக்கு புள்ள, வாலாட்டுது" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள்.

ஒன்றுதான் உறுத்தியது. எவ்வளவு கூப்பிட்டும் அது ஜன்னல் பக்கம் வரவில்லை. கட்டிப்போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பத்து நாளும் கழிந்தது. லீவு போட்டு, கம்பவுண்டருக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, பகலிலேயே போனான். கொட்டடிக் கதவு திறந்து கிடந்தது. தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

அவன் போட்ட பொறைகள் அத்தனையும் எறும்பு மொய்த்துக் கிடந்தன.

"சார், நாயி எங்க?"

சுப்பராமன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "கட்டின மறுநாளே செத்துப்போச்சேப்பா. தலையை ஐஸ்ல வச்சுக் குன்னூருக்குச் சோதனைக்கு அனுப்பினோம். வெறிதான். அன்னைக்கே உன் வீட்டுக்கு ஆள் விட்டேனே, ஊசி போட்டுக்கறாளா?"

பழம் எங்கே விழுந்தது என்றே தெரியாமல் சைக்கிளை மிதித்தான்.

பாண்டியம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சோறு தொடாமல் ஆறிக் கிடந்தது.

"ஆஸ்பத்திரி ஆளு வந்தானா?"

"வந்தாரு. செவலை செத்துப்போச்சுன்னாரு. நீங்கதான் அன்னைக்குச் சாயந்திரமும் வாலாட்டுச்சுன்னீங்களே. உங்கள நம்பாம அந்தாளயா நம்புவேன்? திட்டி விட்டேன். உங்ககிட்டச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

"கிளம்பு புள்ள, பெரியாஸ்பத்திரிக்கு." செம்பை நீட்டினான். "ஒரு வாய் தண்ணி குடி."

அவள் தொண்டை வெட்டி இழுத்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அதக் கொண்டு போங்க. காலையிலருந்து தண்ணியப் பார்த்தாலே பயமா இருக்கு."

முத்திருளன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். "அடப் பாவி... செவலை..."

பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான்.

கட்டிலுக்கு அடியில் சங்கிலி இழுபட்டது.

தொப். தொப். தொப்.